ஐந்தடிக்கும் குறைந்த உயரம், அண்ணாவின் பல்சர் 150: எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். உயரம் 4 அடி 11 அங்குலம், எடை 47 கிலோ. அண்ணா வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற பல்சர் 150 வீட்டில் சும்மா நிற்கிறது. வெள்ளவத்தையிலிருந்து கொம்பனித்தெருவுக்கு வேலைக்குப் போய்வர அதை எடுக்க ஆசை. ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் விரல்நுனியில்தான் தொடுகின்றன. ஒரு கராஜில், பின் ஷொக்கின் (பள்ளத்தில் அதிர்வை வாங்கும் பாகத்தின்) ஸ்பிரிங்கை வெட்டி, சின்ன டயர் போட்டு, மூன்று அங்குலம் இறக்கித் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா என்று கேட்கிறீர்கள். உயரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்கள் பயம் கலர் லைட்டில் நிற்கும்போது பைக் சாய்ந்து நடுவீதியில் விழுந்துவிடுமோ என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். ஸ்பிரிங்கை வெட்ட விடாதீர்கள். மூன்று அங்குலம் இறக்கவும் தேவையில்லை. இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதியவேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால், உங்களுக்குத் தேவைப்படுவது ஐந்தாறு சென்ரிமீற்றர். அது முழுக்கச் சீட்டிலும் சப்பாத்திலும் பின் ஷொக்கின் ஒரு சின்னத் திருகலிலும் கிடைத்துவிடும்.

மருதானைப் பக்கம் கராஜ் வேலையிலேயே என் காலம் போகிறது. உயரம் குறைந்தவர்களுக்கு பைக்கைப் பொருத்திக் கொடுப்பது அடிக்கடி வரும் வேலை. பெண்கள் வருகிறார்கள், ஆண்களும் நிறையப்பேர் வருகிறார்கள். நான் பொறியியலாளன் இல்லை. கையால் செய்தும், வேறு இடத்தில் வெட்டி ஒட்டிவிட்டு என்னிடம் வந்த பைக்குகளைப் பிரித்துப் பார்த்தும் அறிந்ததைத்தான் எழுதுகிறேன். பைக்கை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாத இடம் வந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அளவு. வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்காரும்போது அழுந்துவது போல மேலே தள்ளிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரத்துக்கு அது பெரும்பாலும் 67 முதல் 70 சென்ரிமீற்றருக்குள் வரும். பல்சர் 150இன் சீட் உயரம் 785 மில்லிமீற்றர். வித்தியாசம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் என்று பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 785 ஆள் ஏறாமல் அளந்தது. ஆள் ஏறினால் ஷொக்கும் அமுங்கும், ஃபோமும் அமுங்கும். அதைவிடப் பெரிய விஷயம் சீட்டின் அகலம். கால் இடுப்பிலிருந்து நேராகக் கீழே இறங்குவதில்லை, சீட்டின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வளைந்து இறங்குகிறது. அகலமான சீட்டில் அந்த வளைவிலேயே இரண்டு சென்ரிமீற்றர் போய்விடும். ஒரே சீட் உயரம் எழுதியிருக்கும் இரண்டு பைக்குகளில், ஒன்றில் முன்பாதம் பதிவதும் மற்றதில் நுனிவிரல் மட்டும் தொடுவதும் இதனால்தான்.

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பைக்கில் பின்பக்கம் இரண்டு ஷொக் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிங்குக்கு அடியிலோ மேலேயோ படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். கொக்கி போன்ற ஸ்பானரால் அதைத் திருப்பலாம், ஐந்து படி. அண்ணா ஆள் கனமாக இருந்தாலோ, பின்னால் ஆளை ஏற்றி ஓடியிருந்தாலோ, அது நடுப்படியிலோ கூடிய படியிலோ நிற்கலாம். இரண்டு பக்கத்தையும் ஆகக் குறைந்த, மென்மையான படிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒரே படியில் இருக்கவேண்டும். 47 கிலோ ஆள் ஏறினால் இந்தப் பைக்கின் ஸ்பிரிங் அதிகம் அமுங்காது, அது இருவரைச் சுமக்கச் செய்த ஸ்பிரிங். அதனால் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். அரை சென்ரிமீற்றர், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று. ஆனால் பள்ளத்தில் விழும்போது தூக்கி எறிவது குறையும். அப்புறம், யாரையாவது பின்னால் ஏற்றுவதென்றால் படியைத் திரும்பக் கூட்டவேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது சீட். உங்கள் பிரச்சினையின் பாதி இங்கேதான் தீரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அண்ணாவின் சீட்டில் கை வைக்காதீர்கள். பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் அதே மொடலுக்கு இன்னொரு சீட் தேடி எடுங்கள். மேல்துணி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அதை எப்படியும் கழற்றத்தான் போகிறோம். கவிழ்த்துப் பார்க்கவேண்டியது அடிப்பக்கம்: பிளாஸ்டிக் தட்டில் வெடிப்பு இருக்கக்கூடாது, பூட்டில் மாட்டும் கம்பி ஆடக்கூடாது, ஃபிரேமில் உட்காரும் ரப்பர்க் கட்டைகள் எல்லாம் இருக்கவேண்டும். ஒரு ரப்பர் இல்லாவிட்டாலும் சீட் ஆடும், ஏற்கனவே நுனிக்காலில் நிற்பவருக்கு அந்த ஆட்டம் பெரிய தொந்தரவு.

பிறகு குஷன் கடைக்குப் போங்கள். ‘சீட்டைக் குறைச்சுத் தாங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், உட்காரும் இடத்தில் ஒரு குழி தோண்டிவிடுவார்கள். குழியில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் டாங்கியை நோக்கி வழுக்குவீர்கள், அரைமணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். நீங்களே கூடப் போய், பைக்கில் உட்கார்ந்து, உங்கள் இடுப்பு நிற்கும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டுங்கள். அந்தக் கோட்டிலிருந்து டாங்கிவரை மட்டமாக எடுக்கவேண்டும், முன்னோக்கிச் சரிவாக அல்ல. மேலிருந்து 2 முதல் 2.5 சென்ரிமீற்றர் எடுக்கலாம். எடுக்குமுன் மெல்லிய கம்பி ஒன்றை ஃபோமுக்குள் குத்தி அடித்தட்டுவரை எவ்வளவு தடிப்பு என்று பாருங்கள். எடுத்த பிறகும் 4 சென்ரிமீற்றராவது எஞ்சவேண்டும் என்பது என் கணக்கு. அதற்குக் கீழே போனால் காலி வீதியின் ஒவ்வொரு இரும்பு மூடியும் முள்ளந்தண்டில் தெரியும்.

மேலே எடுப்பதை விட முக்கியமானது பக்கத்தில் எடுப்பது. தொடையின் உள்பக்கம் உரசும் இரண்டு விளிம்புகளையும், டாங்கியோடு சேரும் இடத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் சரிவாகச் சீவி உருட்டச் சொல்லுங்கள். உட்காரும் இடத்தின் தடிப்பு குறையாமலே கால் இறங்கும். மேலே வெட்டவே விருப்பமில்லாதவர்களுக்கு இதை மட்டும் செய்துகொடுத்தாலே பலருக்குப் போதுமாகிவிடுகிறது. சீவியதும் உடனே ரெக்ஸின் அடிக்க விடாதீர்கள். வெறும் ஃபோமின்மேல் ஒரு பொலித்தீனைச் சுற்றி, பைக்கில் பொருத்தி, நீங்கள் ஓட்டப்போகும் சப்பாத்தோடு ஏறி உட்கார்ந்து பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். எடுத்ததைத் திரும்ப ஒட்டினால் அந்தப் பொருத்து ஒருநாள் பிரியும், ஆகவே இரண்டு தடவையாக எடுப்பதே நல்லது. கடைசியாக ஒன்று: ரெக்ஸினுக்கும் ஃபோமுக்கும் நடுவில் ஒரு பொலித்தீன் தாள் போடச் சொல்லுங்கள், தையல் உட்காரும் மேல்பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பு மழையில் தையல் வழியே தண்ணீர் இறங்கினால் ஃபோம் நாள்கணக்கில் காயாது, நீங்கள் ஈரத்தோடுதான் ஒபிசில் போய் இறங்கவேண்டி வரும்.

ஜெல் போட்ட சீட், கடினமான வேறு ஃபோம் என்று கடையில் சொல்வார்கள். கடினமான ஃபோமை மெல்லியதாகப் போட்டால் தட்டுவரை அமுங்காது என்பது சரிதான். ஜெல் விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சிலர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், வெயிலில் நிறுத்திய பைக்கில் சூடு தாங்கவில்லை என்று எடுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

சப்பாத்து. செருப்போடும் மெல்லிய பிளாட் சப்பாத்தோடும் ஏறிப் பார்த்துவிட்டு உயரம் போதாது என்று முடிவெடுத்தவர்கள் நிறையப்பேர். கணுக்காலை மூடும், அடி 2.5 முதல் 3 சென்ரிமீற்றர் தடிப்பான, நழுவாத ரப்பர் அடியுள்ள சப்பாத்து வாங்குங்கள், அல்லது இருப்பதற்குச் சப்பாத்துத் தைப்பவரிடம் ஒரு ரப்பர் அடி கூட்டி ஒட்டித் தைத்துக்கொள்ளுங்கள். குதி மட்டும் உயர்ந்த சப்பாத்து பயன்படாது, நீங்கள் ஊன்றப்போவது முன்பாதம். தடித்த அடியோடு கியர் லீவர் காலுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். அப்படியானால் லீவரைக் கழற்றி ஒரு பல் மேலே தள்ளிப் பூட்டினால் சரி. பின் பிரேக் பெடலின் உயரத்தையும் அதன் போல்ட்டில் திருத்தலாம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். சீட்டின் மேலிருந்து 2 சென்ரிமீற்றர், விளிம்பைச் சீவியதில் ஒன்றரை, ஷொக்கில் அரை, சப்பாத்தில் 2.5. ஆறரை சென்ரிமீற்றர் வந்துவிட்டது, பைக்கின் உடம்பில் ஒரு போல்ட்டும் மாறவில்லை. அண்ணா திரும்பி வந்தால் பழைய சீட்டை மாட்டி, ஷொக்கைத் திருப்பிவிட்டால் அவருடைய பைக் அப்படியே அவருக்கு.

கராஜில் சொன்னதற்கு வருவோம். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் அது மென்மையாகும் என்று பலர் நினைக்கிறார்கள். சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும். ஏற்கனவே உங்கள் எடைக்குக் கடினமான ஸ்பிரிங் இன்னும் கடினமாகும், அதோடு அமுங்க இருந்த தூரமும் குறையும். வெட்டிய முனை தட்டில் மட்டமாக உட்காராது, பள்ளத்தில் சில்லு முழுதாகக் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறலாம். வெட்டிய ஸ்பிரிங்கோடு வந்த ஷொக்குகளைக் கழற்றினால், உள்ளே நிறுத்தும் ரப்பர் நசுங்கித் தூளாகிக் கிடப்பதும் எண்ணெய் கசிந்திருப்பதும் வழக்கமான காட்சி. சின்ன டயரில் கிடைப்பது அதைவிடச் சொற்பம். பின்னால் 100/90-17க்குப் பதில் 100/80-17 போட்டால் டயரின் பக்கச்சுவர் 90 மில்லிமீற்றரிலிருந்து 80 ஆகிறது. அதாவது ஒரு சென்ரிமீற்றர். அதற்காக டயர் சுமக்கும் எடையைக் குறைப்பது நட்டம்.

பின்பக்கத்தை மட்டும் இறக்குவதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீங்கள் பின் சில்லின் மேல் உட்காருவதில்லை, அதற்கு முன்னால் உட்காருகிறீர்கள். பின்பக்கம் 3 சென்ரிமீற்றர் இறங்கினால் உங்கள் இடம் இறங்குவது 2 மட்டும்தான். ஆனால் பைக்கின் முகம் மேலே தூக்கும், முன் சில்லைத் தாங்கும் ஃபோர்க் படுக்கும், திருப்பம் கனக்கும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். முன்னால் மட்டும் இறக்கினால் இதற்கு நேர்மாறு, வேகத்தில் ஹேண்டில் நிலைகொள்ளாமல் ஆடும். பல்சர் 150க்குத் தரையிலிருந்து அடிவரை 165 மில்லிமீற்றர். அதில் மூன்று அங்குலம் போனால் 9 சென்ரிமீற்றர் கூட மிஞ்சாது, ஒழுங்கைகளில் போட்டிருக்கும் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி தட்டும். சைட் ஸ்டாண்டும் நீளமாகிப் போகும், பைக் நிமிர்ந்து நின்று காற்றுக்கே மறுபக்கம் சாயும். நடு ஸ்டாண்டில் ஏற்ற இன்னும் கூடத் தூக்கவேண்டும், 47 கிலோ ஆளுக்கு அது லேசான வேலை இல்லை.

சீட், சப்பாத்து எல்லாம் செய்தும் போதாவிட்டால், முன்னும் பின்னும் ஒரே அளவில், ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் போகாமல் இறக்கலாம். பின்னால் முழுதாகச் செய்யப்பட்ட குட்டையான ஷொக், முன்னால் ஃபோர்க் குழாயைப் பிடியில் தளர்த்தி மேலே தள்ளுவது. உங்கள் பைக்கில் ஃபோர்க் குழாய் அப்படி நகருமா என்பதை மேல்பிடியைப் பார்த்தால்தான் சொல்லமுடியும். சில பைக்குகளில் மேல் போல்ட்டே குழாயைப் பிடித்துவைத்திருக்கும், அங்கே இந்த வேலை நடக்காது. செய்தால், செயினின் தளர்வு, சைட் ஸ்டாண்டின் நீளம், ஹெட்லைட்டின் கோணம் மூன்றையும் அதே நாளில் திருத்தவேண்டும். எந்த நிலையிலும் ஃபிரேமிலோ ஷொக் மாட்டும் காதிலோ வெல்டிங் வேண்டாம். செசி இலக்கம் இருக்கும் ஃபிரேமில் வெட்டி ஒட்டிய அடையாளம் இருந்தால், நாளைக்கு விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும், அதுவும் அண்ணாவின் பெயரில் இருக்கும் பைக்குக்கு.

கையையும் பாருங்கள். உயரம் குறைந்தவர்களுக்கு விரலும் பெரும்பாலும் குட்டை. கிளட்சை விரலின் நுனி மூட்டால் இழுத்தால், மருதானை நெரிசலில் பத்து நிமிடத்தில் கை விட்டுப்போகும். கேபிளில் எண்ணெய் விட்டு, தேய்ந்திருந்தால் மாற்றி, லீவர் அருகில் வரும்படி திருத்தக்கூடிய வகை உங்கள் மொடலுக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். ஒரே குழாயாக வரும் ஹேண்டில் என்றால் பிடியைத் தளர்த்திக் கொஞ்சம் உங்கள் பக்கம் சுழற்றலாம். இரண்டு துண்டாக வரும் வகையில் அது முடியாது. சுழற்றிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிள் இழுபடுகிறதா, எஞ்சின் சத்தம் தானாகக் கூடுகிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும்.

இனி நிற்கும் முறை. எத்தனை சென்ரிமீற்றர் குறைத்தாலும் இது தெரியாவிட்டால் விழுவீர்கள். நிற்கும்போது இடுப்பை ஒரு கையளவு இடப்பக்கம் நகர்த்துங்கள். இடது பாதம் முழுதாகப் பதியும், வலது பாதம் பின் பிரேக்கிலேயே இருக்கும். அதற்கு, நிற்கும் முன்பே முதல் கியருக்கு வந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஊன்றிய இடது காலையே கியருக்காகத் தூக்கவேண்டி வரும். கடைசி இரண்டு மீற்றரில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஹேண்டில் கொஞ்சம் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை இறுக்கினால் பைக் அந்தப் பக்கமே மடிந்து விழும். நின்ற இடத்தில் விழுபவர்களை விசாரித்தால் முக்கால்வாசிப்பேர் இப்படித்தான் விழுந்திருக்கிறார்கள்.

நம் வீதியைப் பற்றியும் ஒன்று. மழைத்தண்ணீர் ஓரத்துக்கு வடியவேண்டும் என்று வீதியின் நடுவை உயர்த்தித்தான் போடுகிறார்கள். நாம் இடப்பக்கம் ஓடுவதால் இடது கால் ஊன்றும் தரை எப்போதும் கொஞ்சம் தாழ்வு. பழைய வீதிகளில் கான் ஓரத்துக்குப் போகப்போக இது கூடும். அதனால் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரத்தோடு ஒட்டி நிற்காதீர்கள். கானிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி, இரும்பு மூடியும் மணலும் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கைகளிலிருந்து காலி வீதிக்கு ஏறும் முனையில்தான் முதல் நாட்களில் தடுமாறுவீர்கள். பின் பிரேக்கைப் பிடித்தபடி கிளட்சை மெதுவாக விட்டு, பைக் முன்னால் இழுக்கும்போது பிரேக்கை விடப் பழகுங்கள். ஞாயிறு காலையில், வாகனம் குறைந்த நேரத்தில், அதே முனையில் பழகலாம். 100 சிசிக்கு மேல் என்பதால் உங்களுக்கு ஏ வகுப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும், ஏ1 மட்டும் இருந்தால் போதாது. பழகும் காலத்தில் எல் பலகையும் கட்டாயம்.

இவ்வளவும் செய்தும் மனம் ஒப்பவில்லை என்றால், ஸ்கூட்டரைப் பற்றி யோசிப்பதில் தவறில்லை. ஹொண்டா டியோவின் சீட் 765 மில்லிமீற்றர், பல்சரை விட 2 சென்ரிமீற்றர்தான் குறைவு, சீட் அகலம் என்பதால் அதிலும் பாதி போய்விடும். உண்மையான வித்தியாசம் எடையில். பல்சர் ஏறத்தாழ 144 கிலோ, டியோ 105 கிலோ அளவு. சாயத் தொடங்கிய பைக்கைப் பிடித்து நிறுத்துவதில் அந்த 40 கிலோ பெரிது.

பல்சரையே எடுப்பதானால், ஓடத் தொடங்குமுன் விழுந்த பைக்கைத் தூக்கப் பழகிவிடுங்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு புல்தரையில். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவிடுங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் கீழே இருக்கும் ஹேண்டில் பிடியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் கால்களால் தள்ளிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்தால் பைக் எழும்பும். உங்கள் பைக் எந்த வருடம், ஹேண்டில் ஒரே குழாயா இரண்டு துண்டா என்று எழுதி, ஃபோர்க்கின் மேல்பிடியை ஒரு படம் எடுத்துப் போட்டால், லீவரையும் முன்பக்கத்தையும் பற்றி இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.